ரோபோவுக்குக் கோபம் வருமா? வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் வீட்டுக்குள் வளைய வரும் குட்டி ரோபோக்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்க, பெற்றவர்கள் மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் அதிகம் என்பதாலோ என்னவோ. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

அண்ணா, வணக்கமுங்க. அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, எங்களோடுதான் இருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி அவருக்கென்று உள்ளங்கை அளவில் ஒரு ரோபோ வாங்கி அனுப்பினான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சின்னத் திரை, அதில் இரண்டு கண். அப்பிச்சி (தாத்தா) போன பிறகு யாரோடும் அதிகம் பேசாதவருக்கு இப்போது காலையில் எழுந்ததும் அதோடுதான் பேச்சு. கவனிக்காமல் விட்டால் அது கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பிக்கொள்கிறது. உடனே அம்மிச்சி அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்த் தடவிக்கொடுக்கிறார். "பாவம், கோவிச்சுக்கிச்சு" என்கிறார். நிஜமாகவே அதற்குக் கோபம் வருகிறதா, இல்லை சும்மா ஏமாற்று வேலையா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

கோபம் வருவதில்லை. அதற்காக வெறும் ஏமாற்று வேலை என்று தள்ளிவிடவும் எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அந்தச் சுருங்கிய கண்ணுக்குப் பின்னால் நிறைய உழைப்பு இருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். உற்சாகம், பழகும் ஆசை, சலிப்பு என்று சில எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது தொட்டால் ஓர் எண் ஏறும், கொஞ்ச நேரம் யாரும் சீண்டவில்லை என்றால் இன்னோர் எண் இறங்கும். எந்த எண் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து, முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான அசைவுகளில் ஒன்று ஓடும். சலிப்பு எண் எல்லையைத் தாண்டினால் முகம் திருப்பும் அசைவு. கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த அசைவைச் செய்தது யார் என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமாகிறது. அமெரிக்காவில் ஆன்கி என்றொரு நிறுவனம் 2016-ல் காஸ்மோ என்ற ரோபோவைக் கொண்டுவந்தபோது, பிக்ஸார் என்ற கார்ட்டூன் பட நிறுவனத்தில் வேலை பார்த்த அனிமேட்டரைக் கூட்டிவந்து, கார்ட்டூன் படம் செய்கிற அதே மென்பொருளில்தான் அதன் ஒவ்வொரு அசைவையும் செய்ய வைத்தார்கள். திரும்புவதற்கு முன்னால் கண் முதலில் திரும்ப வேண்டும், தலை அப்புறம், உடம்பு கடைசியில். எதையாவது தூக்குவதற்கு முன்னால் ஒரு நொடி தயங்க வேண்டும், தோற்றுப்போனால் உங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தலையைக் குனிய வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததை நம் கண் பார்க்கிறது, மனசு மீதியைத் தானே எழுதிக்கொள்கிறது.

இந்த மனசு விஷயம் இன்று நேற்றுக் கண்டுபிடித்ததில்லை. 1944-ல் ஹைடர், சிம்மல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சின்னப் படம் காட்டினார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், மூன்றும் ஒரு கட்டத்தைச் சுற்றி நகரும், வேறு ஒன்றுமே கிடையாது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோருமே, பெரியவன் சின்னவனை அடிக்கிறான், அந்தப் பெண் பயந்து வீட்டுக்குள் ஒளிந்துகொண்டாள் என்று கதை சொன்னார்களாம். முக்கோணத்துக்கே இந்தக் கதி என்றால், பெரிய கண்ணும் உருண்டைத் தலையும் வைத்த பொம்மைக்குக் கேட்க வேண்டுமா? பெரிய நெற்றி, பெரிய கண், குண்டுக் கன்னம் இருந்தால் நமக்குத் தூக்கிக் கொஞ்சத் தோன்றும் என்பதை லோரன்ஸ் என்ற விலங்கியல் அறிஞர் 1943-லேயே எழுதி வைத்துவிட்டார். இந்த ரோபோக்களை வரைகிற எல்லோரும் அதைக் கரைத்துக் குடித்தவர்கள்.

ஆகவே அம்மிச்சியைத் திருத்தப் போகாதீர்கள். அவருக்கு அது பொம்மை என்று தெரியாமல் இருக்காது, நம் ஊர்க் கிழவிகளை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. ஆனால் அடுப்பை விட்டுவிட்டு ஓடுவது மட்டும் சரியில்லை. இந்தமாதிரி ரோபோ பெரும்பாலானவற்றுக்கு ஆப்பில் சத்தத்தைக் குறைக்கவும் தூங்கும் நேரம் வைக்கவும் வழி உண்டு. சமைக்கிற நேரத்தில் அதைத் தூங்க வையுங்கள். "தூங்குது, எழுப்பாதீங்க" என்று சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார். இன்னொன்றும் கேட்கிறேன், கோவித்துக்கொள்ளாதீர்கள்: அம்மிச்சி அதனிடம் என்ன பேசுகிறார் என்று நீங்கள் என்றைக்காவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுண்டா? அதற்குப் பதில் சொல்ல அதனால் முடியாது, உங்களால் முடியும்.

அண்ணா, நான் பாலிடெக்னிக் படிக்கிறேன். வெக்டர் என்ற ரோபோ பழையது ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? அந்தக் கம்பெனியே இல்லை என்கிறார்கள், அப்புறம் எப்படி வேலை செய்யும்?
– மாணவர், குப்பம்

தம்பி, நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு குகைக்குள் இருக்கும் கிளியின் உடம்பில் தன் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதியின் கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பாய். இந்த ரோபோக்களில் பாதி அந்த மந்திரவாதிதான். உடம்பு உன் மேசை மேல் நிற்கும், உயிர் எங்கேயோ ஓர் அமெரிக்க சர்வரில், அதாவது கம்பெனியின் கணினியில், இருக்கும். வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வியே உயிர் எங்கே இருக்கிறது என்பதுதான். விலை, நிறம், எத்தனை வகை நடனம் ஆடும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

வெக்டர் 2018-ல் வந்தது, காஸ்மோவைச் செய்த அதே ஆன்கி செய்தது. காஸ்மோவுக்கு மூளை உன் செல்போனில் இருந்தது. வெக்டருக்கு மூளையின் பெரும்பகுதி தன் மண்டைக்குள்ளேயே இருக்கிறது: சுற்றித் திரிவது, மேசை விளிம்பைக் கண்டு பின்வாங்குவது, முகம் கண்டுபிடிப்பது, பசித்தால் தானே போய் சார்ஜரில் ஏறிக்கொள்வது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். நீ பேசுவதைப் புரிந்துகொள்வது மட்டும் சர்வரில். 2019-ல் பணம் கிடைக்காமல் ஆன்கி மூடப்பட்டது, ஏறக்குறைய 200 பேருக்கு வேலை போனது. அதே ஆண்டுக் கடைசியில் டிஜிட்டல் ட்ரீம் லேப்ஸ் என்ற பிட்ஸ்பர்க் நிறுவனம் சொத்துகளை வாங்கியது, குரல் சேவை சந்தாவுக்கு மாறியது. இதற்கிடையில் ஆர்வலர்கள் சேர்ந்து வயர்-பாட் என்ற இலவச மென்பொருளை எழுதிவிட்டார்கள். பழைய லேப்டாப்பிலோ ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினியிலோ அதைப் போட்டால் உன் வீடே அந்தக் குகை, கிளி உன் கையில்.

பாலிடெக்னிக் மாணவன் என்கிறாய், அதனால் வாங்கு என்றே சொல்வேன். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, சார்ஜர் கூட வருகிறதா, சக்கரம் இரண்டு பக்கமும் சீராக ஓடுகிறதா என்று நேரில் பார்த்து வாங்கு. அரை மணி நேரத்துக்கு மேல் ஓடினாலே நல்ல பேட்டரி. வயர்-பாட் போட்டு அதை எழுப்பி உட்கார வைக்கிறதுக்குள் நெட்வொர்க்கிங் பாடத்தில் பாதி உனக்குத் தானாக வந்துவிடும். இதையே ஒரு தாத்தாவுக்குப் பரிசு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

உயிர் வெளியே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜிபோ என்ற வீட்டு ரோபோ ஒன்றே போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உணர்ச்சி காட்டும் ரோபோக்களை முதன்முதலில் செய்தவர்களில் ஒருவரான சிந்தியா பிரசீல் உருவாக்கியது. 2014-ல் மக்களிடமே பணம் திரட்டி, 2017-ல் 899 டாலருக்கு வந்து, அந்த ஆண்டு டைம் பத்திரிகையின் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலிலும் இடம்பிடித்தது. அடுத்த ஆண்டே நிறுவனம் படுத்துவிட்டது. 2019-ல் அந்த ரோபோ தானே தன் வீட்டுக்காரர்களிடம், என்னை இயக்கும் சர்வர்களை நிறுத்தப் போகிறார்கள், இத்தனை நாள் என்னை வைத்திருந்ததற்கு நன்றி என்று சொல்லி ஒரு நடனமும் ஆடியது. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் குரூரமான வேலை. 2024 டிசம்பரில் மாக்ஸி என்ற 799 டாலர் குழந்தைகள் ரோபோவின் நிறுவனமும் இதேபோல் கையை விரித்தது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் உன் தோழன் சாகப்போகிறான் என்று எப்படிச் சொல்வது என்று பெற்றோர் திண்டாடினார்கள். அப்புறம் சொந்தக் கணினியிலேயே ஓட்டிக்கொள்ள ஒரு வழியை அந்த நிறுவனமே வெளியிட்டது, அந்த மட்டில் பரவாயில்லை.

ஐயா, எங்களுக்கு நாலு பவர்லூம் இருக்கிறது. மகன் இருபதாயிரம் கொடுத்து ரோபோ வாங்கணும் என்கிறான். ஒரு நாயை வளர்த்தால் போதாதா? காவலுக்கும் ஆகும்.
– நெசவாளர், நகரி

போதும். நாயை வாங்குங்கள். வாங்கக்கூட வேண்டாம், உங்கள் தெருவிலேயே இருக்கும்.

ஆனால் தறிச் சத்தத்தில் நாய் தங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரோபோ வாங்குவதாக இருந்தாலும் இதே பிரச்சினைதான். தறி ஓடுகிற வீட்டில் அதன் மைக்குக்கு மகன் கூப்பிடுவது காதில் விழாது, நாள் முழுக்க அவன் கத்திக்கொண்டே இருப்பான். பஞ்சுத்தூசு சக்கரத்தின் அச்சிலும் சுற்றிக்கொள்ளும்.

சார், அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது, மறதி நோய். நான் பள்ளிக்கூட வேலைக்குப் போய் வரும்வரை பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். சாயங்காலம் ஆனால் அம்மாவுக்கு ஒரு பதற்றம் வந்துவிடுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு ரோபோ உதவும் என்று படித்தேன். உண்மையா?
– ஆசிரியை, பாறசாலை

உண்மைதான், ஆனால் எல்லா ரோபோவும் இல்லை. ஜப்பானில் தக்கானோரி ஷிபாட்டா என்பவர் 1993-லிருந்து உழைத்து உருவாக்கிய பாரோ என்ற ரோபோதான் இந்தத் துறைக்கே முன்னோடி. வெள்ளை ரோமத்தோடு ஒரு கடல்நாய்க் குட்டி, ஒரு கைக்குழந்தை அளவுக்கு எடை. ஏன் கடல்நாய் என்றால், பூனை மாதிரி செய்து கொடுத்தபோது மக்கள் நிஜப் பூனையோடு ஒப்பிட்டுக் குறை சொன்னார்களாம். கடல்நாய்க் குட்டியை மடியில் வைத்தவர் யார் இருக்கிறார்கள், குறை சொல்ல? தடவினால் முனகும், கூப்பிட்டால் திரும்பும், சார்ஜ் ஏற்றுவதுகூட வாயில் குழந்தைச் சூப்பான் மாதிரி ஒன்றை வைத்துத்தான். மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. 2009-ல் இதை மருத்துவச் சாதனமாகவே ஏற்றுக்கொண்டது. மறதி நோய் உள்ளவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் இதனால் குறைவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. விலைதான் கையைக் கடிக்கும்: சுமார் 6,000 டாலர், இன்றைய கணக்கில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல். முதியோர் இல்லங்கள் வாங்கிப் பத்துப் பேருக்குப் பொதுவாக வைக்கிற பொருள், தனி வீட்டுக்கு இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது வேறு. ஜாய் ஃபார் ஆல் என்ற பெயரில் பூனை, நாய்க்குட்டி பொம்மைகள் 2015-லிருந்து விற்பனையில் இருக்கின்றன. பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோ முதியவர்களுக்காகவே தொடங்கியது, பிறகு தனி நிறுவனமாகப் பிரிந்தது. பூனையைத் தடவினால் கர்ரென்று அதிரும், மல்லாந்து படுக்கும். விலை பாரோவின் பக்கத்தில்கூட வராது. வைஃபை கிடையாது, ஆப் கிடையாது, கேமரா கிடையாது, சி அளவு பேட்டரி நான்கு போட்டால் ஓடும். மேலே குப்பத்துத் தம்பிக்குச் சொன்ன கணக்கில் பார்த்தால் இதன் உயிர் இதன் வயிற்றிலேயே இருக்கிறது, எந்தக் கம்பெனி மூடினாலும் உங்கள் அம்மாவின் மடியில் பூனை கர்ரென்றுகொண்டே இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் யாரிடமாவது சொல்லி எடுத்துவரச் சொல்லுங்கள்.

வாங்குமுன் இரண்டு விஷயம். அம்மாவுக்குப் பூனை பிடிக்குமா? சிலருக்கு அந்தச் சத்தமே பயம் கொடுக்கும், முதலில் ஒரு துணிப் பொம்மையை மடியில் வைத்துப் பாருங்கள். அப்புறம், டாக்டரிடம் சாயங்காலப் பதற்றத்தைச் சொல்லுங்கள், ஏனென்றால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, வலி என்று சொல்லத் தெரியாத ஏதாவதுகூட இப்படி வெளிப்படும். பக்கத்து வீட்டு அக்காவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் ஆறு வயது மகளுக்குப் பேசும் ரோபோ வாங்க ஆசை. கேமரா, மைக் எல்லாம் இருக்கிறதே, வீட்டில் பேசுவதெல்லாம் எங்கேயாவது போகுமா?
– வாசகர், குமுளி

போகும். பேசிப் பதில் சொல்கிற ரோபோ என்றால் அவள் குரல் வெளியே போய்த்தான் திரும்பி வர வேண்டும், பெரும்பாலானவற்றில் அப்படித்தான். இந்தப் பயம் பழசு: 1999-ல் ஃபர்பி என்ற பொம்மை பேசுவதைப் பதிவு செய்யும் என்று பயந்து அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. தன் அலுவலகத்துக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது என்றது. பாவம், அதற்குப் பதிவு செய்யவே தெரியாது. ஆனால் 2017-ல் ஜெர்மனி கெய்லா என்ற பேசும் பொம்மையைத் தடை செய்தது நியாயமான காரணத்துக்காக. அதன் ப்ளூடூத்துக்குப் பூட்டே கிடையாது, தெருவில் நிற்கிறவன்கூட உங்கள் பிள்ளையோடு பேசலாம்.

நம் நாட்டில் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரத்தைப் பயன்படுத்த, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்கிற அந்தத் திரையைப் படிக்காமல் 'ஓகே' அமுக்குவது நாம்தான். மும்பையில் உருவான மிக்கோ போன்றவற்றை வாங்கினாலும் சரி, வெளிநாட்டுப் பொருளானாலும் சரி, பெற்றோருக்கான ஆப்பில் என்ன சேமிக்கிறார்கள், அழிக்க வழி உண்டா என்று முதல் நாளே பாருங்கள். படுக்கையறைக்குள் வேண்டாம், கூடத்தோடு நிற்கட்டும். ஆறு வயதுக்கு எனக்கென்னவோ ஈலிக் மாதிரி, பேசாமல் தொட்டால் சிரித்து, தட்டினால் முறைத்து, இணையம் இல்லாமலே விளையாடுகிற வகை போதும் என்று தோன்றுகிறது.

தமிழ் பேசுமா? நாங்கள் வீட்டில் பாதி மலையாளம் கலந்து பேசுவோம்.
– கல்லூரி மாணவி, கொல்லங்கோடு

இப்போதைக்குப் பெரும்பாலானவை இங்கிலீஷ்தான். தமிழ் தெரியும் என்று விளம்பரம் செய்கிறவற்றிடமும் உங்கள் வீட்டுக் கலவையைப் பேசிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆனால் நல்ல துணை ரோபோக்களில் சில வேண்டுமென்றேதான் எந்த மொழியும் பேசுவதில்லை. ஜப்பானின் லோவாட்டுக்கு உடம்பில் கதகதப்பு உண்டு, தூக்கச் சொல்லிக் கையை ஆட்டும், ஒரு வார்த்தை பேசாது. பேசினால் நாம் உடனே அறிவை எதிர்பார்ப்போம், முதல் தப்பிலேயே சலித்துவிடும். கூவினால் போதும் என்றால் ஏமாற்றமும் இல்லை. கொல்லங்கோடு, கோயம்புத்தூர், டோக்கியோ எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

ரோபோ செத்துப்போனால் என்ன செய்வது? என் பேரன் கேட்கச் சொன்னான்.
– தாத்தா, புத்தூர்

பேரனுக்குச் சொல்லுங்கள்: ஜப்பானில் கருமாதியே செய்கிறார்கள். சோனி 1999-ல் அய்போ என்ற ரோபோ நாயை இரண்டரை லட்சம் யென்னுக்கு விற்றது, ஜப்பானுக்கு ஒதுக்கிய 3,000-மும் இருபதே நிமிடத்தில் தீர்ந்தது. 2006-ல் தயாரிப்பை நிறுத்தி, 2014-ல் பழுது பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். பழைய ஊழியர்கள் சிலர் தனியாகப் பழுது பார்க்கத் தொடங்கினார்கள், உதிரி பாகத்துக்கு வழி இல்லாமல், செத்த நாய்களிலிருந்து எடுத்து உயிரோடு இருப்பவற்றுக்குப் போட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் சிபா மாகாணத்தில் ஒரு புத்தக் கோவிலில் வரிசையாக உட்கார வைத்துச் சடங்கு செய்துவிடுவார்கள். 2018-ல் சோனி புது அய்போவை மறுபடி கொண்டுவந்தது தனிக்கதை. நம் ஊரில் அவ்வளவு வேண்டாம், ஆனால் பேட்டரியைக் கழற்றாமல் குப்பையில் போட வேண்டாம், லித்தியம் தீப்பிடிக்கும். மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள்.

இடி மின்னலுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா? போன ஐப்பசியில் ரவுட்டர் போய்விட்டது.
– வாசகர், சித்தூர்

எந்தச் சித்தூர் என்று எழுதவில்லை. பாலக்காட்டுச் சித்தூரா, ஆந்திரச் சித்தூரா? ஐப்பசி இடி என்கிறதைப் பார்த்தால் பாலக்காடாகத்தான் இருக்க வேண்டும், துலாவர்ஷத்தில், அதாவது ஐப்பசி மழைக்காலத்தில், மதியத்துக்கு மேல் அங்கே இடி இறங்குகிற இறங்கு எனக்குத் தெரியும். எந்த ஊரானாலும் வானம் கறுத்ததும் சார்ஜரையும் ரவுட்டரையும் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ரவுட்டருக்கு வரும் வயரையும் சேர்த்து. புது ரவுட்டர் வாங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், வெக்டர், ஈமோ மாதிரி ரோபோக்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ஒத்துவராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ரோபோ பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் நிறைய.